திரையில் தெரியாத வேலை

நாற்பத்தேழு அடி உயரத்திலிருந்து ஒரு ஆள் தரைக்கு வந்து சேர இரண்டு விநாடிகூட ஆகாது. அந்த இரண்டு விநாடிக்கு ஏஜெண்ட் காத்தமுத்து சொன்ன விலை ஆறு லட்சத்து நாற்பதாயிரம். சொல்லிவிட்டு, மாட்டுக்கு விலை சொன்ன தரகன் வாங்க வந்தவன் முகத்தைப் பார்க்காமல் மாட்டின் வாலைப் பார்ப்பது மாதிரி, காரைக்காலை ஒட்டிய நெரவியில், விழுந்தவன் வீட்டுச் சுவரில் ஊர்ந்த பல்லியையே பார்த்துக்கொண்டிருந்தான். தொழில் தெரிந்தவன்.

விழுந்தவன் செந்தில்குமார். வளைகுடாவில் ஒரு கப்பல் பட்டறையில் சாரம் கட்டுகிற வேலை. அங்கே அனுப்பி வைத்ததே காத்தமுத்துதான். விழுந்து ஒரு வருஷமும் சில நாளும் ஆகியிருந்தன. பணம் வாங்க ஒரு காகிதத்தில் மனைவி கல்யாணசுந்தரி கையெழுத்துப் போட வேண்டும். அதில் அரபி ஒரு பக்கம், இங்கிலீஷ் ஒரு பக்கம். தமிழுக்கு இடம் வைக்கவில்லை.

மகள் நித்யஸ்ரீ எட்டாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். காத்தமுத்து மோர் குடித்துக்கொண்டிருந்தபோது அவள்தான் காகிதத்தை எடுத்துப் படித்தாள். மூன்றாவது பத்தியில் நிறுத்தி, இரண்டு தரம் படித்துவிட்டு அம்மாவைக் கேட்டாள். "அப்பா ஏம்மா பெல்ட்டைக் கழட்டுனாங்க?"

இறந்தவர் பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியைத் தானே கழற்றிவிட்டு வேலை செய்தார் என்று அங்கே எழுதியிருந்தது.

கல்யாணசுந்தரிக்குக் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஃபைல் தூக்குகிற உத்தியோகம். ஒரு வரி ஃபைலில் ஏறிவிட்டால் அதை இறக்க மூன்று அதிகாரி மாற வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அந்த வரியை எடுத்தால் கையெழுத்துப் போடுகிறேன், இல்லாவிட்டால் இல்லை என்றாள். காத்தமுத்து பொறுமையாகச் சொன்னான்: அந்த வரிக்குத்தான் தங்கச்சி ஆறு லட்சத்து நாற்பதாயிரம், வரி இல்லையென்றால் எதற்குப் பணம்? வியாபாரமாகப் பார்த்தால் அவன் சொன்னதில் தப்பில்லை. அவன் போன பிறகு அவள் நாத்தனார் பிரதீபாவிடம் சொன்னதுதான் கணக்கில் சேராதது. "கழட்டுற ஆளா அவரு? ஃபேன் மாட்ட ஸ்டூல்ல ஏறுனாலே காலைப் புடிச்சுக்கடின்னு என்னைக் கூப்பிடுவாரு."

தலைத்திவசம் முடிந்த மறுவாரம் முகம்மது இப்ராஹிமின் போன் வந்தது. திருமலைராயன்பட்டினத்துக்காரர், செந்திலோடு ஒரே சாரத்தில் நின்றவர். ஒரு வருஷமாகப் பயந்துகொண்டு வாயைத் திறக்காமல் இருந்தவர், இனிமேல் முடியவில்லை அக்கா என்று ஆரம்பித்து, பாதியில் அழுதார். செந்தில் கொக்கியை மாட்டித்தான் இருந்தான். கொக்கி மாட்டியிருந்த குழாயே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. பட்டறைக் கேமரா அதைப் பிடித்திருக்கிறது. அந்தப் பதிவு அழிந்துபோயிற்று என்று கம்பெனி சொல்வது பொய். அழிப்பதற்கு முந்தின நாள் இப்ராஹிம் அதை நகலெடுத்து, கூடத் தங்கியிருந்த அறைக்காரன் மடிக்கணினியில் சினிமாப் படங்களுக்கு நடுவே ஒளித்து வைத்திருக்கிறார்.

நாலு கேமரா, ஒரு பகல் முழுக்க, ஒரே கோப்பு. ஐம்பத்தெட்டு ஜிபி. காரைக்கால் வக்கீல் மதார் சாகிப் கண்ணாடியைத் துடைத்தபடி, வெட்டாமல் ஒட்டாமல் முழுசாக வந்தால் கம்பெனியை முட்டிபோட வைக்கலாம், துண்டு நறுக்கி வந்தால் ஒட்டுவேலை என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள் என்றார். பென்டிரைவில் கொண்டுவரலாம் என்றால், தொழிலாளர் முகாம் வாசலில் சோதனை. பிடிபட்டால் இப்ராஹிமுக்கு வேலையோடு போகாது, ஜெயிலும் சேரும். இணையத்தில் ஏற்றி வைக்கிற இடங்களையெல்லாம் முகாமில் பூட்டி வைத்திருந்தார்கள். பையன்கள் புதுப்படம் இறக்குகிற வழி ஒன்றுதான் திறந்து கிடந்தது. அதுவும் அதிகாரிகளுக்கும் படம் வேண்டியிருந்ததால்.

அந்த வழி எப்படியென்றால், கோப்பை மூட்டை மூட்டையாகப் பிரித்துவிடும். இந்தக் கோப்பு பதினாலாயிரத்து எண்ணூற்று நாற்பத்தெட்டு துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முத்திரை உண்டு. வந்து சேர்ந்ததும் நெல் வியாபாரி குத்தூசி போட்டுப் பார்க்கிற மாதிரி முத்திரையோடு ஒத்துப்பார்க்கும். ஒரு நெல்மணி மாறியிருந்தாலும் அந்த மூட்டையைத் தள்ளிவிட்டு வேறே கேட்கும். சினிமாப் படத்துக்கு உலகமெல்லாம் கொடுப்பவர் ஆயிரம் பேர் இருப்பார்கள். இதற்குக் கொடுப்பவர் ஒரே ஒருவர். மடிக்கணினி அவருடையதுகூட இல்லை. அறைக்காரன் புதன்கிழமை, ஆயுதபூசை அன்றைக்கு, அதை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போகிறான். அதற்கு முன்னால் கோப்பை அழித்துவிட வேண்டும் என்பது அவனுடைய நிபந்தனை. இருபத்திரண்டு நாள் இருந்தது.

வீட்டுக் கணினி, தங்கச்சி படிக்கட்டும் என்று செந்தில் பழையதாக வாங்கிப் போட்டது. அதில் பிரதீபா முதலில் இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருளைப் போட்டாள். முகப்பு ஜோராக இருந்தது. விளம்பரம், வண்ண வண்ணக் கோடுகள், ஏறி இறங்குகிற படம். இவ்வளவு அலங்காரத்தையும் அந்தக் கணினி தூக்க முடியாமல், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஜன்னல் வெளுத்துப்போய் உறைந்துவிடும். மூடித் திறந்தால், வந்த துண்டையெல்லாம் முதலிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். சரிபார்க்கிறது, சரிபார்க்கிறது என்று ஆறு மணி நேரம் ஓட்டும். பாதியில் கரண்ட் போகும். மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு தரமும் அங்கிருந்து இப்ராஹிம் போன் பண்ணுவார். விழுந்துடுச்சாக்கா? விழுந்துடுச்சு தம்பி. பத்து நாளில் வந்தது ஒன்பது ஜிபி.

அந்தப் பத்து நாளும் அதற்கு ஒரே ரசிகர் செந்திலின் அப்பா சுப்பையன். ஆறு மா நிலத்துக் குறுவையை அறுத்து, நெல் ஈரமாக இருந்ததால் தார் ரோட்டில் கொட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தார். மேகம் கறுக்கிறதா என்று வானத்தைப் பார்ப்பார். காலால் நெல்லைக் கீறிவிட்டு, ஒரு மணியைக் கடித்துப் பார்ப்பார். நேரே வீட்டுக்குள் வந்து, காலைத் துடைத்துவிட்டு, திரையில் பச்சைக் கோட்டைப் பார்ப்பார். இன்றைக்கு ஒரு நெல் நீளம் வளர்ந்திருக்கிறது என்பார். மகனுடைய கடைசிப் பகல் அந்தக் கோட்டுக்குள் இருக்கிறது என்று மட்டும் அவருக்குப் புரிந்திருந்தது. அது வந்தால் தான் பார்ப்பதாக இல்லை என்றும் சொல்லியிருந்தார்.

பிரதீபா கோவில்பத்தில் கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் எழுதுகிற சின்னக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். பதினோராம் நாள் அவள் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தாள். சிக்கல் எங்கே என்று அண்ணி கேட்டதற்கு, ஜன்னலும் வேலையும் ஒரே உடம்பாக இருப்பதுதான் சிக்கல் என்றாள். சுப்பையனுக்கு அது விளங்கவில்லை. அவருக்காக இன்னொரு விதமாகச் சொன்னாள்.

"கல்லாவுல உட்கார்ந்திருக்கவனுக்கு மயக்கம் வருதுப்பா. அதுக்குக் குடோன்ல மூட்டை இறக்குறவங்க ஏன் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும்?"

"நிக்கக் கூடாதுதான்."

"இதுல நிக்கிறாங்க."

மூன்று நாளில் கல்லாவையும் குடோனையும் பிரித்தாள். துண்டு வாங்குகிற எந்திரம் இலவசமாகவே கிடைத்தது. அதை ஜன்னலே இல்லாமல் பின்னணியில் ஓடுகிற சேவையாக மாற்றினாள். கணினி கண் விழித்தால் அதுவும் விழிக்கும், யாரும் எதையும் திறக்க வேண்டாம். நிமிஷத்துக்கு ஒரு தரம் வந்த கணக்கை எழுதி வைத்துக்கொள்ளும், அதனால் மறுபடி எண்ண வேண்டாம். தடுக்கி விழுந்தால் தூக்கிவிட ஒரு காவல். கணினியை முறைப்படி நிறுத்தினால், எதிர்ப்பக்கத்து மடிக்கணினியிடம், போய்வருகிறேன் என்று சொல்லி, கணக்கை மூடிவிட்டு அடங்கும். பார்ப்பதற்கென்று தனியாக ஒரு பக்கம். வீட்டு வைஃபையில் இருக்கிற போனில் திறந்தால் நாலே வரி, தமிழில்: மொத்தம், வந்தது, பாக்கி, கொடுப்பவர். சோதனைக்காக மூன்று தரம் ஒயரைப் பிடுங்கினாள். சுப்பையன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றார். மூன்று தரமும் அரை நிமிஷத்தில் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. அவருக்கு ஒரு பாடமும் நடந்தது: எக்காரணம் கொண்டும் ஒயரைப் பிடுங்காதீர்கள், நிறுத்த வேண்டுமானால் வட்டப் பொத்தானை ஒரே ஒரு தரம் அமுக்குங்கள், அதுவாக அடங்கும்.

அதற்குப் பிறகு ஒரு தரம்கூட விழவில்லை. நாளுக்கு ஐந்து ஜிபிக்குக் குறையாமல் வந்தது. இப்ராஹிமின் போன் நின்றுபோனது. திரை கறுப்பாகக் கிடந்தது.

சந்தோஷப்படாத ஒரே ஆள் சுப்பையன். பச்சைக் கோடு போய்விட்டது. வேலை நடப்பது கண்ணுக்குத் தெரியாமல் எப்படியம்மா நம்புவது என்று மகளிடம் கேட்டார். போனில் தெரியும்ப்பா என்றாள். அவருடையது பொத்தான் போன். திரையில் சின்னதாக ஏதாவது தெரிகிற மாதிரி செய்து தருகிறேன், இது முதலில் முடியட்டும் என்றாள். அவரும் இரண்டு நாளைக்கு ஒரு தரம் ஞாபகப்படுத்தினார். அவளும் அப்புறம் என்றாள். பின்னால் அவள் அந்த அப்புறத்தைச் சொல்லிச் சொல்லித்தான் தலையில் அடித்துக்கொண்டாள்.

போன வருஷம் சாவு விழுந்த வீடு, அதனால் ஆயுதபூசை இல்லை. அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் பொட்டில்லாமல் ஒரு வருஷம் ஓடியிருந்தது. அந்த வருஷத்தில்தான் பம்ப்செட்டில் காயில் எரிந்தது, குறுவையில் புகையான் பூச்சி விழுந்து ஒரு மா கருகியது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று சுப்பையன் யாரிடமும் சொல்லவில்லை. இல்லை என்றும் நினைக்கவில்லை. இந்த வருஷம் எதையும் விடுவதாக இல்லை. பூசைக்கு வைத்த ஆயுதம் வேலை செய்யக் கூடாது. மறுநாள் புனர்பூசை முடிகிற வரைக்கும் அதைத் தொடவும் கூடாது. இது நெரவியில் ஒரு பிள்ளைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அண்ணியும் நாத்தனாரும் மதார் சாகிப் வீட்டுக்குக் கிளம்பினார்கள். மனு எழுதி வைத்திருக்கிறேன், கோப்பு யாரிடமிருந்து எப்படி வந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்று வரச்சொல்லியிருந்தார். அவருக்கு அன்றைக்குப் பூசை வேலை இல்லை. கிளம்பும்போது பாக்கி நூற்று நாற்பது துண்டு. மதியத்துக்குள்ள முடிஞ்சுடும் மாமா என்று சொல்லிவிட்டுத்தான் கல்யாணசுந்தரி செருப்பை மாட்டினாள்.

பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம். சுப்பையன் அதற்குள் முடிக்க வேண்டும். அவர் சம்சாரம் சின்னப்பிள்ளை சுண்டலைத் தாளித்து இறக்கிவிட்டு, பொரியும் கடலையும் கலந்து வைத்தாள். அரிவாள், மண்வெட்டி, மருந்தடிக்கிற ஸ்பிரேயர், தையல் மெஷின், எல்லாம் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்தாயிற்று. கடைசியில் கணினி. திரை கறுப்பாக இருந்தது. கீழே பெட்டியில் மட்டும் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது, உள்ளே காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. மருமகள் சொன்ன மதியம் நெருங்கிவிட்டது. திரையில் ஒன்றும் இல்லை. முடிந்த வேலைக்கு மெஷின் சும்மா ஓடுகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் ஒயரைப் பிடுங்கவில்லை. வட்டப் பொத்தானை ஒரே ஒரு தரம் அமுக்கினார். அது முறைப்படி அடங்குகிற வரைக்கும் கைகட்டி நின்றார். பிறகு சந்தனத்தைக் குழைத்து, பொத்தான்மேலேயே வட்டமாகப் பொட்டு வைத்து, நடுவில் குங்குமம் இட்டு, ஒரு முழம் கதம்பத்தைச் சுற்றினார்.

பன்னிரண்டரைக்கு அவர்கள் திரும்பி வந்தார்கள். வாசலில் பூசணிக்காய் உடைபட்டுக் கிடந்தது. பிரதீபா உள்ளே எட்டிப் பார்த்தவள் பையைக் கீழே வைக்க மறந்துவிட்டாள்.

"அப்பா, இதை எப்ப நிறுத்துனீங்க?"

"பதினோரு மணி இருக்கும். ராகுகாலத்துக்கு முன்னாடி." அவர் முகத்தில் இன்னும் பூசை முடித்த நிறைவு இருந்தது. "ஒயரப் புடுங்கல பாப்பா. நீ சொன்ன மாதிரி ஒரே தடவதான் அமுக்குனேன். சமத்தா அடங்கிடுச்சு."

கல்யாணசுந்தரிதான் போய்ப் பொத்தானை அமுக்கினாள். சுப்பையன் புனர்பூசை என்று ஏதோ சொல்ல வந்து, மருமகள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஈரச் சந்தனமும் குங்குமமும் அவள் விரலில் அப்பிக்கொண்டு வந்தன. ஒரு வருஷத்துக்கு அப்புறம் அந்த விரலில் குங்குமம். துடைக்கவும் தோன்றாமல், வைத்துக்கொள்ளவும் முடியாமல், விரலை மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நின்றாள்.

சேவை அரை நிமிஷத்தில் எழுந்தது. கணக்கு பிசகவில்லை. வந்தது பதினாலாயிரத்து எண்ணூற்று ஒன்பது. பாக்கி முப்பத்தொன்பது. முக்கால் மணி நேர வேலை. கொடுப்பவர் என்ற இடத்தில் சைபர்.

இப்ராஹிம் சாப்பாட்டு நேரத்தில்தான் போனை எடுத்தார். அவர் குரலில் சந்தோஷம் இருந்தது. முடிந்துவிட்டதே என்று துவா செய்திருக்கிறார். இவர்கள் நடந்ததைச் சொன்னார்கள்.

"கேக்குற ஆளு போயிட்டா முடிஞ்சுதுன்னு அர்த்தம், அழிச்சுட்டுக் கெளம்புன்னு ரூம்காரன்கிட்ட நான்தான் சொல்லிட்டு வேலைக்கு வந்தேன். முன்னாடியெல்லாம் அறுந்தா அறுந்த மாதிரி தெரியும்க்கா. கொஞ்ச நேரம் செவப்பா துடிச்சுக்கிட்டுக் கெடக்கும். இன்னைக்கு ஒழுங்கா சொல்லிட்டுப் போயிருக்கு. அவன் எனக்கு மெசேஜே போட்டுட்டான், வேலை முடிஞ்சுதுன்னு."

அறைக்காரன் விமானத்தில் இருந்தான். மறுநாள் கிடைத்தான். நல்ல மனிதன், சொன்னதை ஒன்றுக்கு இரண்டாகச் செய்திருந்தான். அழித்தது போதாதென்று, பயத்தில், மடிக்கணினியையே மொத்தமாகத் துடைத்துப் புதிதாக்கி, தங்கை மகனுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டான். இதில் யாரைத் திட்டுவது? பிரதீபா எழுதியது எழுதியபடி ஓடியது, சுப்பையன் படித்த பாடத்தை மறக்கவில்லை, அறைக்காரன் வாக்குத் தவறவில்லை. ஆள் ஆளுக்குத் தப்பே செய்யாமல் செந்தில்குமாரை இரண்டாம் தரம் தொலைத்திருந்தார்கள்.

வியாழக்கிழமை மதியம் மழை இறங்கியது. ரோட்டில் இன்னும் கொள்முதல் ஆகாத நெல், பக்கத்தில் தார்ப்பாய் மடித்தபடி இருந்தது. சுப்பையன் அதன்மேல் உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கவில்லை. சின்னப்பிள்ளையும் தெருவில் நாலு பேரும் ஓடிவந்து, அவரை எழுப்பித் தள்ளி நிறுத்திவிட்டுப் பாயை விரித்தார்கள். பாதி நெல் ரோட்டோரத் தண்ணீரில் ஓடியது. நனைந்தபடி வீட்டுக்குள் வந்தவர், கணினி முன்னால் உட்கார்ந்திருந்த மகளிடம் கேட்டார்.

"பதினாலாயிரம் மூட்டையில முப்பத்தொம்பது மூட்டை வரல. அதுக்காக மிச்சத்தையும் வேணாம்பானா பாப்பா?"

பிரதீபா காலையிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டறைக் கேமராவின் கோப்பு அதற்கென்று உள்ள செயலியில்தான் திறக்கும். அது கோப்பு பழுது என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டது. ஓட்டைகளைத் தாண்டி வேறு வழியில் திறந்து பார்த்தாள். ஒரு நிமிஷம் சாரம் தெரிந்தது, வெயில் தெரிந்தது, ஆரஞ்சுச் சட்டையில் யாரோ முதுகைக் காட்டிக்கொண்டு டிபன் டப்பாவைத் திறந்தார்கள். பிறகு சாம்பல் நிறக் கட்டங்கள். அண்ணனா என்று சொல்ல முடியவில்லை. அண்ணியைக் கூப்பிடாமலே மூடிவிட்டாள்.

மதார் சாகிப் போனில் வெகுநேரம் உம் கொட்டினார். "நான் எடுத்துக்கிட்டுப் போயி நிப்பேம்மா. நிக்கிறதுக்கு என்ன. ஆனா அந்த முப்பத்தொம்பதுல என்ன இருந்துச்சுன்னு கம்பெனிக்காரன் கேப்பான். என்னன்னு சொல்ல?"

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் காத்தமுத்து வந்தான். காகிதம், மை தொட்டு வைக்கிற பெட்டி, இரண்டு பேனா. ஒன்று எழுதாவிட்டால் இன்னொன்று. நாற்காலியில் உட்கார்ந்ததும் மழையைப் பற்றிப் பேசினான், நெல்லைப் பற்றி வருத்தப்பட்டான், நித்யஸ்ரீயின் படிப்பை விசாரித்தான். விலை பேச வந்தவன் வீட்டைச் சுற்றி ஒரு வலம் வருவது இதுதான். கம்பெனி இந்த மாசத்தோடு ஃபைலை மூடுகிறது, அப்புறம் ஆறு லட்சமும் இல்லை, நாற்பதாயிரமும் இல்லை என்று சொல்லிக் காகிதத்தை நீவி விரித்தான். பிறகு, போகிற போக்கில் கேட்பது மாதிரி கேட்டான்.

"ஏதோ படம் வருதுன்னு சொன்னாங்களே தங்கச்சி?"

கேள்விக்காகத்தான் அவன் வந்திருக்கிறான், கையெழுத்துக்காக இல்லை என்று கல்யாணசுந்தரிக்கு அப்போதுதான் தெரிந்தது. பிரதீபாவின் கையிலிருந்த போனை வாங்கினாள். பக்கத்தைத் திறந்தாள். கடைசி வரியின்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு அவன் பக்கம் நீட்டினாள்.

"வந்துகிட்டு இருக்குண்ணே. நீங்களே பாருங்க."

காத்தமுத்து கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினான். அவனும் படம் இறக்குகிற ஆள்தான். பதினாலாயிரத்தில் முப்பத்தொன்பது பாக்கி என்றால் அது எந்நேரமும் முடிந்துவிடும் என்று அவனுக்கு ஒருவரும் சொல்ல வேண்டியதில்லை. போனை வாங்கிப் பார்க்கக் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை, அவன் பார்க்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனாள். விரல் நகம் வெளுத்திருந்தது.

"முழுசா வந்ததும் யாருக்குப் போட்டுக் காட்டப் போறீங்க?"

"வக்கீலுக்கு. அப்புறம் எம்பொண்ணுக்கு."

அவன் மோரைக் குடிக்கவில்லை. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பேனா இரண்டையும் தேடி எடுத்துக்கொண்டான். மூன்றாவது பத்தியைப் பற்றிக் கம்பெனியிடம் ஒரு வார்த்தை பேசிப் பார்க்கிறேன், அவசரப்பட்டு எவனிடமும் கொண்டுபோக வேண்டாம், திங்கட்கிழமை வருகிறேன் என்றான். கல்யாணசுந்தரி எழுந்து வாசல் வரைக்கும் போய், வாங்கண்ணே, அதுக்குள்ள மிச்சமும் வந்துடும் என்றாள். அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. எங்கள் கடைத்தெருவில் பரம்பரையாக உட்கார்ந்திருப்பவர்களுக்கே அது லேசில் வராது.

வண்டிச் சத்தம் தெருமுனையைத் தாண்டிய பிறகும் அவள் கட்டைவிரல் கடைசி வரியின்மேலேயே இருந்தது. திங்கட்கிழமைக்கு மூன்று நாள். அதற்குள் கம்பெனிக்காரன் வரியை அடிப்பானா, இல்லை யாரையாவது விட்டு விசாரிப்பானா, தெரியாது. உள்ளே கணினி ஓடிக்கொண்டிருந்தது. பிரதீபா அதை நிறுத்தவில்லை. உலகத்தில் எந்த மூலையிலாவது யாராவது வந்து கதவைத் தட்டுவார்களா என்று அது நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்டுக்கொண்டே இருந்தது.

சுப்பையன் புழுங்கிப்போன நெல்லைக் களத்தில் கிளறிக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக அவர் கணினி இருக்கிற அறைப் பக்கமே வரவில்லை. அங்கிருந்தே கேட்டார்.

"ஏதாச்சும் வந்துருக்கா ஆயி?"

கல்யாணசுந்தரி கட்டைவிரலை எடுத்துவிட்டு, அவருக்குக் கேட்கிற மாதிரி, ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

மொத்தம் 14,848.

வந்தது 14,809.

பாக்கி 39.

கொடுப்பவர் 0.